அம்மாவுக்கு எத்தனை பிரசவம்

“இன்னாக்கா, டாக்டரம்மா மாதிரி கையில உறை மாட்டிக்கினு இறா உரிக்கிற?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறாயே கோமளா, சிரி. ஊரே சிரிக்கிறது. ஏரிக்கரையில் பிறந்து, இறால் கூடை சுமந்தே கழுத்து குட்டையானவள் நான். இன்றைக்கு இறாலைத் தொட்டால் கை தடித்துப்போகிறது. வாயில் வைத்தால் உதடு வீங்கிவிடும். ஆனால் இந்த அரிப்பு என்னுடையது இல்லை. என் தம்பி ஏழுமலையுடையது. அவனுக்கு அது எங்கள் அம்மாவிடமிருந்து வந்தது. எனக்கு அவனிடமிருந்து வந்தது. அந்தப் பலகையை இழுத்துப் போட்டு உட்கார். நீ எளாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாகக் குடிவந்தவள், உனக்கு இது தெரியாது. உரித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். நடுவில் பெரியம்மா கூப்பிட்டால் எழுந்து போய்விடுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

முதலில் பல் ஈறில் ரத்தம் வந்தது. வேப்பங்குச்சி குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் தொடையிலும் கையிலும் நீலநீலமாகத் திட்டு. கூடையைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. பொன்னேரியில் வாழ்க்கைப்பட்ட என் மகள் தேவி வந்து பார்த்துவிட்டு, “யாராவது அடிச்சாங்களாம்மா?” என்று கேட்டாள்.

“உங்க அப்பன் செத்து எவ்ளோ வருசமாச்சு, இனிமே எவன்டி அடிக்கிறது?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே என்னைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் என்னைப் பார்க்காமல் தேவியைப் பார்த்தே பேசினார். மறுநாள் மின்சார ரயில் ஏறிச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரயிலில் நிலக்கடலை விற்றவனிடம் நான் பேரம் பேசினேன். தேவி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். கடலை நன்றாகத்தான் இருந்தது.

அங்கே காத்திருக்கும் கூடம் நம் மீன் ஏலக் கூடத்தைவிடப் பெரிது. சத்தம் மட்டும் கிடையாது. அத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் சாவு வீட்டில்கூடப் பார்த்ததில்லை. இடுப்பெலும்பில் மரத்துப்போக மருந்து போட்டு, திருகாணி மாதிரி ஒரு ஊசியை உள்ளே திருகி, எலும்புக்குள் இருக்கிற கூழை எடுத்தார்கள். எலும்புக்குள் எதற்கு ரத்தத்தைத் தேடுகிறார்கள் என்று கேட்டேன். அங்கேதானாம் ரத்தமே விளைகிறது. எலும்பு மஜ்ஜை என்று அதற்குப் பேர்.

டாக்டரம்மா சின்னப் பெண். என் தேவி வயதுதான் இருக்கும். எனக்குப் படிப்பு இல்லை என்று தெரிந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி அறைகளால் ஆனதாம். செல் என்பார்கள். அந்த அறைக்குள் இரண்டு புரி முறுக்கின கயிறு மாதிரி ஒன்று சுருண்டு கிடக்கிறதாம். அதுதான் டிஎன்ஏ. மூக்கு எப்படி இருக்க வேண்டும், முடி எப்படி வளர வேண்டும், ரத்தம் எப்படி விளைய வேண்டும் எல்லாம் அந்தக் கயிற்றில் எழுதியிருக்கிறதாம். நாலே எழுத்து. அதையே மாற்றி மாற்றிக் கோத்திருக்கிறதாம்.

“நான் கைநாட்டும்மா. எனக்குள்ள இன்னா எழுத்து?”

“உங்களுக்குள்ள இருக்கிறத ஒவ்வொரு எழுத்தாப் படிச்சு முடிக்க என் ஆயுசு பத்தாதும்மா.”

எனக்கு வந்த கர்வத்தைக் கேட்காதே கோமளா. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், உடம்பு முழுக்க எழுத்தோடு அலைந்திருக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரியை எழுப்பிச் சொன்னேன். அவள் கும்மிடிப்பூண்டிக்காரி. “எனக்குள்ளயும் அதான், தூங்கவுடு” என்றாள்.

அறை பழசானால் புது அறை வேண்டும் இல்லையா? அப்போது அந்தக் கயிறு புரி பிரியுமாம். ஒவ்வொரு புரியும் தனக்கு ஜோடியைத் தானே கட்டிக்கொள்ளும். ஒரு கயிறு அச்சு அசலாய் இரண்டாகும். அப்புறம் அறை நடுவில் இடுங்கி இரண்டாகப் பிரியும். தாயறை, மகளறை என்று பேதமே கிடையாது, இரண்டும் ஒன்று போல. நாம் இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குள்ளும் உனக்குள்ளும் பிரிந்துகொண்டிருக்கிறதாம். எப்போதாவது நகல் எடுக்கையில் ஒரு எழுத்து தப்பிப்போகும். பெரும்பாலும் உடம்பே அதைச் சரி செய்துவிடும். எனக்கு என் எலும்புக்குள் எங்கேயோ ஒரு அறையில் தப்பினது தப்பினதுதான். அது நிறுத்தத் தெரியாமல் பிரிந்துகொண்டே போனது. பிறந்ததெல்லாம் வளராத பிள்ளைகள். வேலை செய்யாது, சாகவும் செய்யாது, நல்லதுக்கு இடமும் விடாது. ரத்தப் புற்று என்றாள் டாக்டரம்மா.

அதை அவள் சொன்ன பிறகு என் உடம்பைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே யாரோ எண்ணிக்கை இல்லாமல் பெருகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் நான்தான். என் கயிறுதான். வெளியிலிருந்து வந்த பேய் என்றால் வேப்பிலை அடிக்கலாம். என்னையே பிடித்துக்கொண்டு நானே இருந்தால் யாரை ஓட்டுவது?

மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. புருவமும் போயிற்று. கைகழுவும் இடத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தால் அதில் எங்கள் அம்மா நிற்கிறாள். அம்மா செத்து எத்தனையோ வருடம் ஆகிறது. அதே ஒட்டின கன்னம், அதே மொட்டைத் தலை. ஏழுமலையைக் கொடுத்த வருடம், அதைப் பிறகு சொல்கிறேன், அவள் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள், அப்படியே. நான் வாயைத் திறந்தால் அவளும் திறக்கிறாள். அதற்கப்புறம் முந்தானையைக் கண்ணாடி மேல் போட்டுவிட்டுத்தான் கை கழுவினேன். நர்சம்மா திட்டுவாள், “யம்மா, இது ஆஸ்பத்திரி, சாவு வீடு இல்ல!”

செலவைக் கேட்கிறாயா? காப்பீட்டு அட்டை இருந்ததால் பெரிய செலவை அரசாங்கம் பார்த்துக்கொண்டது. அப்படியும் வெளியே வாங்கச் சொன்ன மருந்துகளுக்குத் தேவி கழுத்தில் கிடந்தது போயிற்று. இன்னும் வெறும் மஞ்சள் கயிறுதான். அவள் மாமியார் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு இருந்தாள். அந்த அம்மாள் கால் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு.

நோய் அடங்கியது. ஆனால் திரும்ப வரும், அதற்குள் மஜ்ஜையையே மாற்ற வேண்டும் என்றாள் டாக்டரம்மா. என்னுடையதை மருந்து போட்டுக் கொன்றுவிட்டு, வேறொருவர் மஜ்ஜையிலிருந்து விதை வாங்கி எனக்குள் விட வேண்டும். யாருடையது வேண்டுமானாலும் ஒத்துக்கொள்ளாது. அந்தக் கயிற்றில் ஓரிடத்தில் ‘இவன் நம்மவன், இவன் அந்நியன்’ என்று அடையாளம் இருக்கிறதாம். எல்லோருக்கும் இரண்டு அடையாளம், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டும் பொருந்த வேண்டும்.

நான் யோசித்துப் பார்த்துவிட்டு, “பாட்டுச் சீட்டு மாதிரியாம்மா?” என்று கேட்டேன். அவளுக்கு அது தெரியவில்லை. உனக்கும் தெரியாது, சொல்கிறேன். நம் ஏரியில் இறால் ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் வலை கட்ட முடியாது. அதனால் ஒவ்வொரு குடும்பமும் சீட்டு எடுக்கும். இன்றைக்கு உனக்கு இந்த இடம், நாளைக்கு எனக்கு. அந்த உரிமைக்குத்தான் பாடு என்று பேர். குடும்பத்தைத் தலைக்கட்டு என்போம். அப்பனுக்குப் பின் மகனுக்குப் போகும். பெண்ணுக்குக் கிடையாது.

“அதேதான்மா!” என்று டாக்டரம்மா துள்ளிவிட்டாள். “உங்க அப்பா மடியில ரெண்டு சீட்டு, அம்மா மடியில ரெண்டு சீட்டு. ஒவ்வொரு குழந்தையும் ரெண்டு மடியிலயும் ஒண்ணொண்ணு எடுத்துக்கிட்டுத்தான் பிறக்கும். நீங்க எடுத்த அதே ரெண்டு சீட்டை எடுத்த கூடப்பிறந்தவங்க வேணும். நாலுல ஒரு பங்குதான் வாய்ப்பு. ஒரு வித்தியாசம், இதுல பொண்ணுக்கும் சம உரிமை.”

தேவி கையை நீட்டினாள். அவள் பாதிதான் பொருந்துவாளாம். மறுபாதி அவள் அப்பனுடையது.

“செத்தும் பாதிப் பங்கு கேக்கிறான் பாரு அந்த மனுசன்!”

பாதிப் பொருத்தம் இருந்தாலும் செய்யலாம், என் உடம்பு இருக்கிற நிலைக்கு முழுசாகப் பொருந்தினால்தான் நல்லது என்றாள் டாக்டரம்மா. என் அண்ணன் கோவிந்தன் வந்தான். கடைசித் தம்பி சேகர் வந்தான். ஒருத்தனுக்குப் பாதி. ஒருத்தனுக்கு ஒன்றுமே இல்லை.

“வேற கூடப்பிறந்தவங்க யாரும் இல்லையா?”

“இல்லம்மா” என்றேன். அண்ணனும் இல்லை என்றான். தேவியும் இல்லை என்றாள். யாரும் பொய் சொல்லவில்லை கோமளா. எங்கள் கணக்கில் அவ்வளவுதான்.

டாக்டரம்மா எழுந்துவிட்டாள். கதவுவரை போனவள் திரும்பி நின்றாள். “உங்க அம்மாவுக்கு எத்தனை பிரசவம்?”

அதற்கு மட்டும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. “அஞ்சு. ஒண்ணு பொறந்தவொடனே பூடுச்சு.”

“அப்ப நாலு பேர் இருக்கணுமே. நீங்க, அண்ணன், தம்பி. மூணுதான் ஆச்சு.”

அண்ணன் தரையைப் பார்த்தான். “அவன் எங்க தலைக்கட்டு இல்லம்மா.”

“அப்படின்னா? இறந்துட்டாரா?”

“சேச்சே. எங்க பெரியப்பா மகன்.”

“உங்க அம்மா பெத்தாங்க. ஆனா பெரியப்பா மகன்?”

“ஆமா.”

“இப்ப எங்க இருக்கார்?”

தேவிதான் சொன்னாள். “கீழ டீ வாங்கப் போயிருக்காரும்மா.”

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் நாலு பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். தூக்குச்சட்டியை ஆட்டிக்கொண்டு ஏழுமலை உள்ளே வந்து, “இன்னா, எல்லாம் என்னையே பாக்கறீங்க? சக்கர போட்டுத்தான் கீது” என்றான்.

அவன் கதையைச் சொல்கிறேன். எங்கள் பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாவிட்டால் அந்தத் தலைக்கட்டின் பாடு அவரோடு முடிந்துவிடும். எங்கள் நைனா தம்பிக்காரர், அண்ணன் வாய்விட்டுக் கேட்டதை மறுக்க முடியவில்லை. பால் மறந்து தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்த ஏழுமலையைத் தூக்கிக் கொடுத்தார்கள். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். அம்மன் கோயிலில் விளக்கு வைத்துப் பெரியப்பா சத்தியம் வாங்கினார். இனி இந்தப் பிள்ளைக்கும் பெற்ற வீட்டுக்கும் ரத்தம் இல்லை, நல்லது கெட்டதில் மகன் முறை செய்யக் கூடாது, செய்தால் பாடு போகும் என்று.

அந்த வீடு மூன்று வாசல் தள்ளி. அம்மா அந்தப் படியை மிதித்ததே இல்லை. அவன் அவளைச் சித்தி என்று கூப்பிட்டு வளர்ந்தான். அவன் தோணி கரை சேரும்வரை தண்ணீர் ஓரத்தில் காலிக் குடத்தோடு நிற்பாள். பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். அன்றிலிருந்து அம்மா இறாலும் தொடுவதில்லை, பிள்ளையைக் கொடுத்த விரதம் என்று ஊர் சொன்னது. அவள் செத்தபோது மற்ற இருவரும் கொள்ளி வைத்தார்கள். இவன் ஊராரோடு ஊராராக ஓரத்தில் நின்றான்.

“சும்மா பொருந்துதான்னு பாக்கத்தானே” என்று அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவன் சட்டைக் கையை மடித்துவிட்டான். முடிவு வந்தது. இரண்டு சீட்டும் என் சீட்டேதான். எந்தச் சத்தியமும் அந்தக் கயிறுவரை போய்ச் சேரவில்லை.

எனக்குத்தான் பயம் வந்தது. “வேணாம்டா. ரத்தம் இல்லன்னு சத்தியம் பண்ணிட்டு ரத்தத்தையே குடுத்தா ஊரு சும்மா வுடுமா? பங்காளிங்க காத்துக்கினு கீறானுங்க. உனுக்குப் புள்ள கீறான், அவன் எங்க வலை கட்டுவான்?”

அவன் அன்றைக்கே ரயிலேறினான். ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. நான் கட்டிலில் கிடந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கரையில் நின்ற மாதிரி.

வந்தது பெரியம்மா, அவனை வளர்த்தவள். அந்த வயதில், தேவி கையைப் பிடித்துக்கொண்டு ரயிலேறி வந்திருந்தாள். என் மொட்டைத் தலையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். யாரைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்துக் கிட்டே வந்தாள்.

“சத்தியம் வாங்குனவரு பூட்டாரு. பாடு போனா போவட்டும், புள்ளைங்க கடலுக்குப் போவும். நீ பூட்டா, உங்கம்மாவுக்கு மேல போயி நான் இன்னா பதில் சொல்றது? வாங்கிக்கடி.”

பின்னாலேயே நின்ற ஏழுமலை, “கொள்ளிதான் வெக்க வுடல” என்றான். சட்டைக் கையை மறுபடி மடித்துவிட்டான்.

அப்புறம் என்னைத் தனி அறையில் வைத்தார்கள். கொதிக்க வைத்த தண்ணீர், வெந்த சோறு, வருகிறவர்களுக்கு முகமூடி. ஊசி குத்தி அவன் மஜ்ஜை விதைகளை ரத்தத்துக்கு வரவழைத்து, இயந்திரத்தில் ஓடவிட்டுப் பிரித்து எடுத்தார்கள். எனக்கு ஏற்றினபோது ஒன்றுமே தெரியவில்லை. சாதாரண ரத்தப் பைதான். இதற்கா இத்தனை என்று இருந்தது. அது தானே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய்க் குடியேறுமாம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான். உள்ளே வர அனுமதி இல்லை. பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான்.

வாயெல்லாம் புண், எச்சில் விழுங்க முடியாது, காய்ச்சல். என் ரத்தம் செத்துவிட்டது, அவன் ரத்தம் இன்னும் முளைக்கவில்லை. அந்த நாட்களில் நான் யாராக இருந்தேன் என்று தெரியவில்லை கோமளா. அம்மா வந்து கட்டில் கால்மாட்டில் உட்காருவாள். பேச மாட்டாள். என்னைப் பார்க்கவும் மாட்டாள். ரத்தக் குழாயில் போட்டிருந்த ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள், அதன் வழியாக யாரோ வரப்போகிறான் என்கிற மாதிரி.

வந்தான். “பிடிச்சிக்கிச்சும்மா!” என்று டாக்டரம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டை விரலைக் காட்டினாள். பிறகு ஒரு சோதனை செய்தார்கள். என் ரத்தத்தில் இருப்பதெல்லாம் ஏழுமலையாம். தோல் நான், நகம் நான், ரத்தம் மட்டும் அவன். ரத்த வகைகூட மாறிவிட்டது. ஆண் பிள்ளைக்கு மட்டும் அப்பன் கொடுக்கிற ஒரு துண்டு கயிறு இருக்கிறதாம், அதுவும் என் ரத்தத்தில் இருக்கிறதாம்.

“அப்ப எனுக்கு மீசை வருமா?”

“வராதும்மா.”

பிழைத்ததோடு சேர்த்து எனக்கு இரட்டைச் சந்தோஷம்.

ஊருக்கு வந்த பிறகு பயந்தது நடந்தது. பங்காளி ஒருத்தன் கூட்டத்தில் எழுந்து, “சத்தியம் ஒடஞ்சிது. ஏழுமல பெத்த வூட்டுக்கே பூட்டான். அந்தத் தலைக்கட்டுக்குச் சீட்டு கெடயாது” என்றான். ஏழுமலை தலை குனிந்து நின்றான். அவன் மகன் பக்கத்தில் நின்றான். கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கம் இல்லை. நான் முகமூடியை இறக்கிவிட்டு நடுவில் போய் நின்றேன்.

“இப்ப எனுக்கு ஓடறது ஆம்பள ரத்தம். டாக்டரு சொல்லிட்டாங்கோ. நான் பேசலாமா?”

பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்கள் எப்படி வேண்டாம் என்பார்கள்?

“இவன் எங்க வூட்லேர்ந்து ஒரு சொட்டு வாங்கல. குடுத்தான். என் ரத்தம் மொத்தமும் செத்துப்போச்சு. இப்ப கீறதெல்லாம் அந்த வூட்டு ரத்தம். அவன் எங்க வூட்டுக்கு வரல. நான்தான் அந்த வூட்டுக்குப் பூட்டேன். பொண்ணு வூடு மாறக் கூடாதுன்னு எந்தச் சத்தியத்துல கீது?”

கூட்டத்துக்குத் தலைமையாக உட்கார்ந்திருந்த பெரியவர் தாடையைத் தடவினார். “அப்டீன்னா நீ அந்த வூட்டுப் பொண்ணு. அந்தக் கெழவிக்குப் பொண்ணு செய்யற எல்லாம் நீ செய்யணும். சம்மதமா?” என்றார். சம்மதம் என்றேன். அடுத்த சீட்டு எடுப்பில் ஏழுமலை பேரும் இருந்தது.

அன்றைக்கு அவன் வலையில் வந்த இறாலைத்தான் நோய்க்குப் பிறகு முதல் முதலாகச் சாப்பிட்டேன். முகம் வீங்கிவிட்டது. ஏழுமலை என்னைப் பார்த்து, “ஐயே, எனுக்கும் இதே மாதிரிதாங்கா ஆவும்” என்றான். கொடுத்தவர் ரத்தத்தோடு இதுவும் சில பேருக்கு வருவதுண்டு என்றாள் டாக்டரம்மா. எனக்கு அம்மாவின் விரதம் ஞாபகம் வந்தது. அது விரதமா, அரிப்பா? இனி யாரைக் கேட்பது? அவள் அவனிடம் கொடுத்து அனுப்பியது என்று நான் வைத்துக்கொண்டேன்.

இப்போது தினமும் அந்த வீட்டுக்குப் போகிறேன். அம்மா மிதிக்காத படி. பெரியம்மாவுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டு வருகிறது. முதல் நாள் என்னைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டாள். “கன்னியம்மா, புள்ளைய எடுத்துக்கினு போவ வந்தியா?” கன்னியம்மா எங்கள் அம்மா பேர். “பெரிம்மா, நான் பாக்கியம்” என்றேன். நம்பவில்லை. அழுதாள், நடுங்கினாள். அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

மறுநாளும் கேட்டாள். எனக்கு என்ன தோன்றியதோ, “இல்லக்கா. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றேன். அம்மா இருந்தால் அவளை அப்படித்தான் கூப்பிட்டிருப்பாள்.

பெரியம்மா கதவை விட்டாள். வெறும் மூலையைக் காட்டி, “சத்தம் போடாத, தூங்கறான். உள்ள வந்து குந்து” என்றாள்.

உட்கார்ந்தேன். அங்கே யாரும் இல்லை கோமளா. ஆனாலும் நான் சத்தம் போடவில்லை.

அதோ, கேட்கிறதா? கூப்பிடுகிறாள். என் பேர் இல்லை அது, எனக்குத்தான். இந்த இறாலைக் கொஞ்சம் மூடி வை, பூனை வரும். குழம்பு அவளுக்குத்தான். உறையைக் கழற்றிவிட்டுப் போகிறேன், இதைப் பார்த்தால் பயப்படுவாள்.

“தோ வரேங்க்கா!”